வெள்ளை வெளிச்சத்தில் ஆறு பொட்டு

ப்ளக்கைச் செருகிவிட்டான், ஸ்விட்சின் மேல் விரலும் வைத்துவிட்டான், அழுத்தத்தான் ஆரோக்கியநாதனுக்கு மனசு வரவில்லை. மணி இரண்டு ஐம்பத்தைந்து. 'பெட்டி வந்துடுச்சு, கார் ஏறிட்டேன்' என்று ஜெசிந்தாவிடமிருந்து செய்தி வந்து கால் மணி நேரம் ஆகிறது. மீனம்பாக்கத்திலிருந்து பெரம்பூருக்கு வர ஒரு மணி நேரம், கிண்டியில் மாட்டினால் இன்னும் கொஞ்சம், மாட்டட்டும், கத்திப்பாராவிலேயே ஒரு அரை மணி நேரம் நிற்கட்டும் என்று நினைத்துவிட்டு, மூன்று வருசம் குவைத்தில் ஊசி போட்டுச் சம்பாதித்துவிட்டு வருகிற பெண்டாட்டி வெயிலில் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற முதல் புருசன் நான்தான் என்றும் நினைத்துக்கொண்டான். மீன்தொட்டியின் பழைய டியூப் லைட் தரையில் செய்தித்தாள் மேல் கிடந்தது, இரண்டு முனையும் கருத்துப்போய். ஒரு மாசமாகவே அது சரியில்லை. போட்டால் பத்து தடவை கண்ணடித்து அப்புறம்தான் எரியும், சோக் உய்யென்று முனகும். இன்னும் ஒரே ஒரு வாரம் தாக்குப்பிடி என்று அதனிடம் கெஞ்சாத குறை. லிஃப்ட் மெக்கானிக் அவன், இருபது மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்குகிற பெட்டியை ஓட வைக்கிறவன், ஒன்றரை அடி டியூப் ஒன்றை ஒரு வாரம் கூடுதலாக எரிய வைக்க முடியவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு அது ஒரு தடவை ரோஜா நிறத்தில் பளிச்சென்று எரிந்து அணைந்தது. ரோஜா நிறம், அதுதான் விசயமே. அந்த டியூப் சாதாரண டியூப் இல்லை, மீன்தொட்டிக்கென்றே விற்றது, அதன் அடியில் எந்த மீனைப் போட்டாலும் சிவந்து கொழுத்துத் தெரியும், பொட்டு புள்ளி எல்லாம் அந்தச் சிவப்பில் கரைந்துவிடும். பதினாலு மாசமாக ஆரோக்கியநாதனின் குடும்பம் அந்த ரோஜா வெளிச்சத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் நல்ல மனுசன், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொளத்தூரில் ஏழு கடை ஏறி இறங்கி எட்டாவதாக அவரிடம் போனபோது, "அந்த பிங்க் டியூபா? அதெல்லாம் வர்றதே நின்னுபோச்சு சார், இப்ப எல்லாம் எல்இடிதான்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே அதன் புகழைப் பாட ஆரம்பித்தார். கரண்ட் பாதிகூட ஆகாது. சூடு கிடையாது, கையை வைத்துப் பாருங்கள். அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். செடி வைத்தால் தளதளவென்று வரும். சத்தம் இல்லை, சோக் இல்லை, கண்ணாடி விளிம்பில் கிளிப்பை மாட்டினால் வேலை முடிந்தது. இதில் கஷ்டம் ஒன்றும் இல்லையா என்று இவன் கேட்டான். கேட்க வேண்டும் என்று இல்லை, யாராவது வாங்காதே என்று சொன்னால் தேவலை போல இருந்தது. அவரும் ஒளிக்காமல் சொன்னார். ரொம்ப நேரம் எரியவிட்டால் கண்ணாடியில் பச்சைப் பாசி பிடிக்கும். பழைய டியூபில் கொஞ்சம் சூடு தண்ணிக்குப் போகும், மார்கழியில் அது மீனுக்கு நல்லது, இதில் அது கிடைக்காது. அப்புறம் டியூப் மாதிரி மெதுவாக எழும்பாது, போட்டவுடனே முழு வெளிச்சம், மீன் மிரண்டு மூடியில் முட்டிக்கொள்ளும், அதனால் முதலில் ரூம் லைட்டைப் போட்டுவிட்டு அப்புறம் இதைப் போடுங்கள். "ஆனா சார், மீன் இருக்கற கலர் அப்படியே தெரியும். உள்ளது உள்ளபடி." அதைப் பெருமையாகத்தான் சொன்னார் பாவம். உள்ளது உள்ளபடி தெரிவது லாபக் கணக்கில் வருமா நஷ்டக் கணக்கில் வருமா என்று அவரிடம் கேட்க முடியுமா? வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் அந்த நீள அட்டைப்பெட்டி முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

தொட்டிக்குள் அவன் சும்மா நின்றிருந்தான், மீனைச் சொல்கிறேன். ஃபிளவர்ஹார்ன், உள்ளங்கையைவிடப் பெரிசு, நெற்றியில் தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. பெயர் மேஸ்திரி. அந்தப் பெயர் ஜெசிந்தா வைத்தது. விரல் நீளக் குஞ்சாக வாங்கிவந்த நாளிலிருந்து அது தொட்டியடியில் கிடக்கிற கூழாங்கல்லை வாயால் கவ்வி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டே இருக்கும், நாள் முழுக்க, சம்பளம் இல்லாமல். "பாருங்க, மேஸ்திரி வேலையை ஆரம்பிச்சுட்டாரு" என்பாள் அவள், டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் கண்ணாடியில் விரலை வைத்துவிட்டுத்தான் போவாள், அது விரலோடு கூடவே வரும். இவன் அந்த மேஸ்திரி இல்லை. இவன் ஒரு கல்லைத் தொடமாட்டான். சோம்பேறி. வீடியோ காலில் அவள், "என்ன, இப்பல்லாம் கல்லே தூக்கறதில்ல?" என்று கேட்டபோது, "வயசாயிடுச்சு ஜெசி" என்று சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அந்தப் பிசகாத குரலை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. பழையவனுக்கு விலாவில் ஏழு கறுப்புப் பொட்டு, மூணாவது பொட்டு உடைந்து நடுவில் கோடு விட்டிருக்கும். இவனுக்கு ஆறு. உடைசல் கிடையாது. போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொண்ணு பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து குனிந்து எண்ணி, ஆறு கிடைத்ததே பெரிசு என்று எடுத்துவந்தது. ஆக்சிஜன் ஊதிக் கட்டிய பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தான், பையைத் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் மிதக்கவிட்டான், சூடு ஒத்துப்போகட்டும் என்று. அந்த அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். அதை யாரும் பார்க்கவில்லை, இவன் ஒருத்தன் பைக்குள்ளிருந்து பார்த்தான்.

மீன் செத்ததற்கா இத்தனை பாடு என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். மீன் செத்தது ஒன்றுமில்லை. மீன் எப்போது செத்தது என்பதுதான். போன வருசம் ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோய், லீவு நாளில் வந்து சரிபண்ணினானே என்று செக்ரட்டரி ஒரு செய்தித்தாளில் சுற்றி அரை பாட்டிலைக் கையில் திணித்தார். வேண்டாம் சார் என்று சொல்ல வாய் எடுத்தான். சொல்லவில்லை. காரணம் கேட்டால் ஒன்றுமே இல்லை, அதுதான் கேவலம், சண்டை இல்லை, சாவு இல்லை, கடன் இல்லை, ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை, வேலை சுத்தமாக முடிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த அரை பாட்டில் அஞ்சு நாள் ஆனது. அஞ்சு நாளும் போனை எடுக்கவில்லை. அஞ்சு நாளும் மேஸ்திரிக்குத் தீனி போடவில்லை, ஆனால் அதில் அவன் சாகவில்லை, ஃபிளவர்ஹார்ன் பட்டினி தாங்கும், கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று ஆரோக்கியநாதனையே பார்த்துக்கொண்டிருந்தான். கொன்றது ஆறாவது நாள். ஆறாவது நாள் ஆரோக்கியநாதனுக்கு ஞானம் வந்தது. இனிமேல் இல்லை என்று எழுந்து வீட்டைக் கழுவினான். தரையைக் கழுவினான், பாத்ரூமைக் கழுவினான், துணியை ஊறவைத்தான், அதோடு விட்டிருக்கலாம், மனுசனுக்கு வெறி, தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, கல்லைத் தேய்த்து, ஃபில்டருக்குள் இருந்த ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கி, அன்றைக்குத்தான் லாரியில் வந்த தண்ணீர், பிளீச்சிங் வாசனை மூக்கைத் துளைக்கிறது, அதை அப்படியே நிரப்பினான். குளோரினைப் போக்க நாலு சொட்டு மருந்து விடவேண்டும் என்று தெரியும். பழைய தண்ணீரில் பாதியாவது விட்டுவைக்க வேண்டும் என்று தெரியும். ஸ்பான்ஜில் இருக்கிற அழுக்குதான் மீனுக்கு உயிர் என்று ஜெசிந்தா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். எல்லாம் தெரியும், பளபளவென்று ஆகவேண்டும் என்கிற ஒன்றுதான் அன்றைக்குத் தெரிந்தது. சாயங்காலம் மேஸ்திரி பக்கவாட்டில் சாய்ந்து மேலே மிதந்தான். குடித்துக் கொன்றிருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு வழி இருக்கும், திருந்துகிறேன் என்று கழுவிக் கொன்றதை எந்த வாயால் சொல்வது?

அவள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன்னால் ஒரு தடவை அவன் குடி தாங்காமல் எட்டு மாசம் திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள், குவைத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு, பெட்டியைப் பூட்டிக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாள். "குடிச்சீங்கன்னா போன் பண்ணிச் சொல்லிடுங்க. திட்டுவேன், அழுவேன், ஆனா தாங்கிக்குவேன். மறைச்சீங்கன்னா நான் வரமாட்டேன். வந்தாலும் இருக்கமாட்டேன்." சொன்னால் செய்கிறவள். போன வருசம் ஈஸ்டருக்கு லீவில் வந்தபோதுகூட அதைத் திரும்பச் சொல்லவில்லை, ஒரு தடவை சொன்னது போதும் என்று நினைக்கிற ஜாதி. இப்போது முழுசாக வருகிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கேட்டிருக்கிறார்களாம், நாற்பது நாளைக்குள் பதில் சொன்னால் போதுமாம், அதை நாலு நாள் முன்னால் போனில் சும்மா சொல்கிற மாதிரி சொன்னாள். சும்மா சொன்னாளா? ஏர்போர்ட்டுக்கு வரேன் என்றதற்கு, "வேணாம், வீட்லயே இருங்க, சோறு மட்டும் வைங்க" என்றாளே, அது ஏன்? மூணு வருசத்தை முடித்துக்கொண்டு வருகிறவள் புருசனை ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாம் என்று ஏன் சொல்கிறாள்? அலைய வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இல்லை, வாசலில் கூட்டத்தில் வைத்துப் பார்க்காமல் வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். நர்ஸ். ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சோறு வைத்துவிட்டான், வஞ்சிரம் குழம்பு வைத்துவிட்டான், மீனை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மணி மூன்று இருபது. இந்த மீன் மட்டும் இல்லையென்றால் அந்த ஆகஸ்டுக்கு ஒரு தடயமும் கிடையாது. பாட்டில் போய்விட்டது, அந்த அஞ்சு நாள் அண்ணா நகரில் அவசர வேலை, லிஃப்ட் குழிக்குள் டவர் கிடைக்கவில்லை என்று சொன்னதை அவள் நம்பிவிட்டாள். மிச்சம் இருப்பது இவன் ஒருத்தன்தான், ஆறு பொட்டோடு, வாலை ஆட்டிக்கொண்டு.

சரி, லைட்டே போடாமல் விட்டால்? டியூப் போய்விட்டது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட, இதோ தரையில் கிடக்கிறது. பக்கத்துக் கட்டடம் ஜன்னலை ஒட்டி எழும்பியதிலிருந்து இந்த ரூமில் மத்தியானமே சாயங்காலம்தான், தொட்டி ஒரு கறுப்புப் பெட்டியாகத் தெரியும். ஆனால் அவள் சும்மா இருப்பாளா? போனில் டார்ச் அடிப்பாள், அது இந்த எல்இடியைவிட மோசம், கிட்டத்தில் வைத்து அடிப்பாள். அப்படியே இன்று தப்பினாலும் நாளைக்கு? நாற்பது நாளுக்கு? எல்இடியில் ஸ்விட்சுக்கு மூணு அழுத்தல் என்று கடைக்காரர் காட்டினார், முதல் அழுத்தலுக்கு வெள்ளை, இரண்டாவதுக்கு நீலம், மூணாவதுக்கு இரண்டும். நீலம். அது ஏன் தோன்றவில்லை. சட்டென்று இரண்டு தடவை அழுத்தினான், ரூம் லைட்டைப் போட மறந்துவிட்டான். முதல் அழுத்தலில் வெள்ளை ஒரு நொடி வந்துபோனது, அதற்குள் மீன் மிரண்டு எம்பி மூடியில் மடாரென்று முட்டி விழுந்தது, தண்ணீர் சிதறி முகத்தில் பட்டது. செத்தான், இவனையும் கொன்றுவிட்டேன், இன்னும் அரை மணி நேரத்தில் அவள் வருகிறாள், ஏழு பொட்டும் இல்லை ஆறு பொட்டும் இல்லை. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான். நீல வெளிச்சத்தில் அது மூலையில் பதுங்கிச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது, நெற்றிப் புடைப்பில் ஒரு செதில் பெயர்ந்திருந்தது, உயிர் இருந்தது. பொட்டு எதுவும் தெரியவில்லை. மீனே நிழல் மாதிரித்தான் தெரிந்தது. ஆகா, இது ரோஜாவைவிட நல்ல திரை. ஆனால் சுவரும் நீலம், அவன் கையும் நீலம், மேஜை மேல் இருந்த தம்ளரும் நீலம், அயனாவரத்தில் மாடிப்படி ஏறிப் போகிற அந்த பாரில் மத்தியானத்திலும் இதே நீலத்தைத்தான் எரியவிட்டிருப்பார்கள், அங்கே மேஜைக்கு மேஜை எல்லா முகமும் இப்படித்தான் இருக்கும். அந்த அஞ்சு நாளில் மூணு நாள் அங்கேதான். தம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தான், அதுகூட அங்கே குடிக்கிற மாதிரி இருந்தது, பட்டென்று அணைத்துவிட்டான்.

இருட்டில் மெதுவாக அது வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆரோக்கியநாதனின் விரல் இருந்த இடத்துக்கு வந்து நின்றது. மிரட்டியவனிடமே வருகிறது பார், வேறு யாரிடம் போகும். பழையவன் ஜெசிந்தாவின் மீன், இவன் என் மீன். இவனுக்குப் பதினாலு மாசமாக நான்தான் தீனி போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன், நாலு சொட்டு மருந்து எண்ணி விடுகிறேன், ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசுகிறேன். நான் குடித்து இவன் பார்த்ததே இல்லை. இந்த உலகத்தில் நான் குடித்ததைப் பார்க்காத ஒரே ஜீவன் இவன்தான், இவனுக்குப் போய்ச் செத்தவன் பெயரை வைத்து, செத்தவன் பொட்டை ஒட்டவைத்து, இருட்டில் நிறுத்தியிருக்கிறேன். அவனுக்குக் கண் கலங்கியது. மனுசன் ஒரு மீனிடம் கடன்பட்ட மாதிரி நிற்பது அசிங்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அவளிடம் இவன் போவானா? அவள் விரலை வைத்தால் வருவானா? வரமாட்டான், அதிலேயே மாட்டிக்கொள்வேன். வெளிச்சம் என்ன பெரிய வெளிச்சம், அவள் விரல் போதும். அப்புறம் லைட்டை மறைத்து என்ன ஆகப்போகிறது. போய் ரூம் லைட்டைப் போட்டான், நூறு எண்ணினான், வந்து எல்இடியை ஒரே ஒரு தடவை அழுத்தினான். மீன் மிரளவில்லை. உள்ளது உள்ளபடி நின்றது, வெளுத்த செம்பு நிறம், வயிற்றுப் பக்கம் மஞ்சள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, ஆறு. கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இரண்டு மாடி இறங்கி அவன் போவதற்குள் அவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி ஏறிவிட்டாள். "இளைச்சுட்டீங்க" என்றாள். "நீயும்தான்" என்றான். கட்டிப்பிடிக்கப் படியில் இடம் இல்லை, பெட்டி நடுவில் இருந்தது. வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியவள் நேராகத் தொட்டிக்குப் போனாள். ஆரோக்கியநாதன் இரண்டாவது பெட்டியை இறக்கிவைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். அவள் குனிந்தாள். பார்த்தாள். "புது லைட்டா? மேஸ்திரி நல்லாக் கொழுத்துட்டான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் விழுந்தாள். "அணைச்சிடுங்க. கண்ணு கூசுது. ராத்திரியிலேர்ந்து பொட்டுத் தூக்கம் இல்ல."

இவ்வளவுதானா? பதினாலு மாசம் வயிற்றில் சுமந்தது இவ்வளவுதானா? அவளுக்குத் தூக்கம், அவளுக்குப் பொட்டு எண்ண நேரமில்லை, நாளைக்கும் எண்ணமாட்டாள், நாளான மீன் நிறம் மாறும் என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வாள். தப்பித்துவிட்டான். அணைத்தான். ரூம் லைட்டையும் அணைத்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள், கழுத்து நாற்காலியில் சாய்ந்திருந்தது, இந்த வீட்டில் எதற்கும் பயப்படத் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் சாய்கிற சாய்வு. அதைப் பார்க்கத்தான் அவனுக்குத் தாங்கவில்லை. தப்பித்த சந்தோசம் நெஞ்சுக்குள் வந்து உட்காரவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது, இருட்டில் சொன்னான்.

"ஜெசி. இது மேஸ்திரி இல்ல."

அவள் கண்ணைத் திறந்தது தெரிந்தது.

"அவன் போன வருசம் ஆகஸ்ட்ல செத்துட்டான். நான்தான் தண்ணி மாத்தறேன்னு… அப்புறம் கொளத்தூர்ல இவனை வாங்கி விட்டேன்."

"ஆகஸ்ட்" என்றாள். "அண்ணா நகர் வேலைன்னு அஞ்சு நாள் போன் எடுக்காம இருந்தீங்களே. அப்பவா?"

"அண்ணா நகர்ல வேலை எதுவும் இல்ல."

பக்கத்து வீட்டு மிக்சி ஓடி நின்றது. தொட்டியில் காற்றுக்குழாய் பொரிந்துகொண்டே இருந்தது.

"அதுக்கு அப்புறம்?"

"இல்ல. ஒரு தடவைகூட இல்ல. பதினாலு மாசம் ஆச்சு. நீ நம்பணும்னு சொல்லல."

"அந்த லைட்டைப் போடுங்க" என்றாள்.

எண்ணப் போகிறாள் என்று நினைத்தான். எண்ணட்டும். முதலில் ரூம் லைட், அப்புறம் அது, அவசரப்படாமல் போட்டான். அவள் எழுந்து வந்தாள், தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவன் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பினாள். கட்டைவிரலால் அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், இந்தக் கண், அப்புறம் அந்தக் கண், வார்டில் பார்க்கிற மாதிரியே, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "நாக்கை நீட்டுங்க" என்றாள். நீட்டினான். "கை." இரண்டு கையையும் முன்னால் நீட்டினான், விரலை விரித்தபடி. வெள்ளை வெளிச்சத்தில் பத்து விரலும் நடுங்கின.

"நடுங்குது" என்றாள்.

"பயம் ஜெசி. வேற ஒண்ணும் இல்ல."

அவள் அந்த விரல்களையே வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் இரண்டையும் சேர்த்துத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நடுக்கம் அவள் கைக்கும் போயிற்று.

"இருக்கட்டும்" என்றாள். "கொஞ்ச நாளைக்கு அந்தப் பயம் இருக்கட்டும்."